பழைய வரி வரிசையை அழிக்காதீர்கள்

கேள்வி: நங்கநல்லூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். தி. நகர் பக்கத்து ஆயத்த ஆடை மொத்த வியாபாரிகளின் பில்லிங் மென்பொருளை ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் தளத்தோடு இணைக்கும் கனெக்டர் எங்களுடையது. 2025 செப்டம்பர் 22-ல் வரி மாறியபோது, கோடுக்குள் இருந்த எண்களை மாற்றி எல்லா வாடிக்கையாளருக்கும் இரவோடு இரவாகப் புதிய பதிப்பை ஏற்றினோம். அதன் பிறகு சரக்கு திரும்பி வந்ததற்குப் போட்ட கிரெடிட் நோட்டுகள் பல, தவறான வரியோடு போய்விட்டன. இனி எல்லாவற்றையும் ஒரு கான்ஃபிக் ஃபைலில் வைத்துவிடலாம் என்கிறார் எங்கள் டீம் லீட். அது போதுமா, ஐயா?

பதில்: போதாது. ஃபைலில் வைத்தால் புதிய பதிப்பு ஏற்றும் அலைச்சல் மிச்சமாகும். ஆனால் கிரெடிட் நோட்டில் விழுந்த தவறு மறுபடியும் விழும். எண் இருந்த இடம் அதற்குக் காரணமில்லை. அந்த எண்ணுக்குத் தேதி இல்லாததுதான் காரணம்.

உங்கள் தொழிலிலேயே பாருங்கள். செப்டம்பர் 21 வரை 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஆடைக்கு 12 சதவீதம். 22 முதல் 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. அதாவது 1,800 ரூபாய்ச் சட்டைக்கு வரி இறங்கியது, 3,000 ரூபாய்ச் சட்டைக்கு ஏறியது. விகிதம் மட்டுமல்ல, விலை வரம்பும் மாறியிருக்கிறது. '12 இருந்த இடத்தில் 5' என்று ஒரே எண்ணை மாற்றி இதைச் சமாளிக்க முடியாது. செப்டம்பர் 10-ல் விற்ற சட்டை அக்டோபரில் திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டு அந்தப் பழைய பில்லின் 12 சதவீதத்தைத்தான் காட்ட வேண்டும். இன்றைய மதிப்பு ஒன்றை மட்டும் வைத்திருக்கும் ஃபைலுக்கு அந்த 12 நினைவிலேயே இருக்காது.

ஆகவே அட்டவணையாக வையுங்கள்: பொருளின் எச்எஸ்என் குறியீடு, விலை வரம்பு, விகிதம், எந்த நாள் முதல், எந்த நாள் வரை. விகிதம் மாறினால் பழைய வரிசைக்கு முடிவுத் தேதி போட்டுப் புதியதைக் கீழே சேருங்கள், அழிக்காதீர்கள். தேடும்போது கணினியின் இன்றைய தேதியைக் கொண்டு தேடாதீர்கள். விகிதம் மாறும் தருணத்துக்கு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 14-ம் பிரிவு இருக்கிறது: சரக்கு போன நாள், பில் போட்ட நாள், பணம் வந்த நாள் மூன்றில் இரண்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்த விகிதம். எந்தத் தேதியைக் கொண்டு தேடுவது என்பதை வாடிக்கையாளரின் ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். புரோகிராமர் தனியாக எடுக்கக்கூடிய முடிவல்ல அது. இப்படி வைத்திருந்தால், செப்டம்பர் 17-ல் அறிவிக்கை வந்த அன்றே புதிய வரிசைகளைச் சேர்த்துவிட்டு, 21 இரவு நீங்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். இ-இன்வாய்ஸ் கட்டாயமாகும் விற்றுமுதல் வரம்புக்கும் இதே முறைதான். 2020 அக்டோபரில் 500 கோடியாக இருந்தது, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது.

எல்லா மதிப்பும் அட்டவணைக்குரியது அல்ல. சில மதிப்புகளை எதிர்முனையே சொல்லும். அவற்றை நாம் எழுதி வைப்பதே பிழை. இ-இன்வாய்ஸ் தளம் டோக்கன் தரும்போதே அது காலாவதியாகும் நேரத்தையும் தருகிறது. நம் சென்னையில் வளர்ந்த ஸோஹோவும் டோக்கனோடு, இந்தக் கணக்குக்கு எந்த ஏபிஐ முகவரி என்பதைச் சேர்த்தே அனுப்புகிறது. டாட் காம் என்று நிலையாக எழுதிய கனெக்டர், டாட் இன் கணக்கு வந்ததும் நின்றுவிடும். வந்ததைப் படித்துப் பயன்படுத்துங்கள். பாஸ்வேர்டு, கிளையன்ட் சீக்ரெட் இரண்டையும் வரி அட்டவணை பக்கமே கொண்டுவராதீர்கள். அவற்றுக்குத் தனிப் பூட்டு வேண்டும்.

இன்னொன்று. கனெக்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மதிப்புகளைப் புதுப்பிப்பது நல்ல வசதிதான். ஆனால் ஒரு பில்லின் பாதியில் மதிப்பு மாறக் கூடாது. பில் தொடங்கும்போது எடுத்த பிரதியையே அது முடியும்வரை பயன்படுத்துங்கள். எந்தப் பதிப்பு என்பதை லாகில் எழுதுங்கள். புதிய அட்டவணையில் தேதிகள் மோதினாலோ விகிதம் விடுபட்டிருந்தாலோ கனெக்டர் அதை ஏற்காமல், பழையதை வைத்துக்கொண்டு உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். ஏனெனில் ஐஆர்என் என்ற குறிப்பு எண் பெற்ற பில்லை இ-இன்வாய்ஸ் தளத்தில் திருத்த முடியாது; ரத்து செய்யவும் 24 மணி நேரம்தான். அதைத் தாண்டினால், நம் தவறுக்காக வியாபாரி கிரெடிட் நோட்டு போட்டு, தன் வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

டீம் லீடிடம் இந்த ஒரு சோதனையைச் செய்து காட்டுங்கள். செப்டம்பர் 10 தேதியிட்ட 1,800 ரூபாய்ச் சட்டை பில்லுக்கு இன்று சான்ட்பாக்ஸில் கிரெடிட் நோட்டு போடுங்கள். 12 வர வேண்டும். 5 வந்தால், அடுத்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துக்கு முன் இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.