நூறு வரும்வரை பொறுங்கள்

கேள்வி: 'கலெக்‌ஷன் ஆஃப் மானா' தொகுப்பை ஸ்விட்ச்சில் வாங்கி, அதிலுள்ள 'சீக்ரெட் ஆஃப் மானா'வை ஆடத் தொடங்கியிருக்கிறேன். பட்டனை விடாமல் தட்டினாலும் எதிரிக்கு அடி ஏறவில்லை. ஒற்றை இலக்கத்தில்தான் எண் வருகிறது. பாதி வீச்சு வீணாகிறது. ஆக்‌ஷன் கேம் என்றுதானே சொன்னார்கள்? பழைய கேம் என்பதால் இப்படியா, இல்லை நான் ஆடுவதில் தப்பா?

பதில்: விடாமல் தட்டுகிறீர்களே, அதுதான் சிக்கல். திரையின் அடியில் உங்கள் ஆளின் உயிர் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சதவீதம் ஓடும், பாருங்கள். ஒருமுறை வாளை வீசியதும் அது விழுந்துவிடும். ஓரிரு விநாடிகளில் மறுபடி 100-க்கு ஏறும். அதற்குமுன் வீசினால் அடியில் வலு இருக்காது. வேகமாக ஓடினாலும் அது காலியாகும். எனவே ஓடிப் போய் எதிரியின் முன் நின்றதும் வெட்டாதீர்கள். ஒரு மூச்சு விட்டு, எதிரி பாய்வதைத் தவிர்த்து, நூறானதும் ஒரே அடி.

1993-இல் ஸ்கொயர் நிறுவனம் சூப்பர் ஃபாமிகாமுக்காக இதை வெளியிட்டபோது, அந்த நிறுவனத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது 'ஃபைனல் ஃபேன்டஸி'. அதில் ஆளாளுக்கு முறை வைத்து அடிப்பார்கள். இயக்குநர் கோயிச்சி இஷியின் குழு அந்த முறையைக் கழற்றிவிட்டு, காத்திருப்பை மட்டும் சதவீதமாக வைத்துக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. நிரலை எழுதிய நாசிர் கெபெல்லி, முதல் மூன்று 'ஃபைனல் ஃபேன்டஸி'களுக்கும் நிரல் எழுதியவர். ஆயுதத்தையோ மருந்தையோ மாற்ற வேண்டுமென்றால் ஆளைச் சுற்றி வட்டமாகப் படங்கள் விரிகின்றன அல்லவா? அந்த நொடியில் சண்டை உறைந்து நிற்கும். வேறு திரைக்குப் போகாமலே யோசிக்க இடம் கொடுக்கும் அந்த வட்டத்தைப் பின்னால் எத்தனையோ கேம்கள் எடுத்துக்கொண்டன.

இந்தக் காத்திருப்பின் அருமை தனியாக ஆடும்போது தெரியாது. அந்தக் காலத்தில் மல்டிடேப் என்ற இணைப்பை மாட்டினால் மூன்று பேர் சேர்ந்து ஆடலாம்; உங்கள் தொகுப்பிலும் மூன்று கன்ட்ரோலர் போதும். உங்கள் சதவீதம் ஏறும் நேரத்தில் தம்பி அடிப்பான், அவன் ஓயும்போது தங்கை அம்பு விடுவாள். ஆள் கிடைக்காவிட்டால் மற்ற இருவரையும் கணினியே நடத்தும். ஆனால் சுவர் மூலையிலும் மரத்துக்குப் பின்னாலும் சிக்கி நிற்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அது உண்மையிலேயே பழைய கேமின் கோளாறுதான்.

இந்தக் கேமை முதலில் சிடி-க்காகத் திட்டமிட்டார்கள். நின்டெண்டோவும் சோனியும் சேர்ந்து செய்யவிருந்த சிடி கருவி கைவிடப்பட்டதால், 16 மெகாபிட், அதாவது 2 எம்பி கேட்ரிட்ஜுக்குள் அடக்க வேண்டி வந்தது. கதை சில இடங்களில் சட்டென்று தாவுவதற்கு அதுவும் ஒரு காரணம். இருந்தும் ஹிரோகி கிகுதாவின் இசை அதே 2 எம்பி-க்குள்தான் இருக்கிறது. முழு கேமுக்கு அவர் இசையமைத்தது அதுவே முதல்முறை. ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள்.

ஆயுதங்கள் எட்டு. எதை ஏந்திச் சண்டையிடுகிறீர்களோ அதில்தான் தேர்ச்சி ஏறும் என்பதால் மாற்றி மாற்றி ஏந்துங்கள். தேர்ச்சி ஏறியபின், நூறானதும் பட்டனை அழுத்திப் பிடித்தால் பெரிய அடி விழும். பிடித்திருக்கும்வரை நடை தளரும். பாஸ் எதிரிமேல் இடைவிடாமல் மந்திரம் ஏவி, அது அசையவே விடாமல் கொல்லும் குறுக்கு வழியையும் யாராவது சொல்லித் தருவார்கள். முதல்முறை ஆடும்போது அது வேண்டாம், சப்பென்று போய்விடும்.