மரை கெடாமல் பிளக் கழற்றுவது எப்படி?

புத்தி பிசகியவனை நம் ஊரில் 'மரை கழண்டவன்' என்பார்கள். அந்தப் பட்டத்தை எனக்கு வாங்கித் தந்தது என் பழைய மாருதி 800.

மும்பை செம்பூரில் எங்கள் கட்டட வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வண்டியை அப்போதுதான் ஓட்டி வந்திருந்தேன். மூன்று ஸ்பார்க் பிளக்குகளில் இரண்டு கழன்றன; நடுவில் இருந்தது அசையவில்லை. ஸ்பானர் பிடியில் நீண்ட இரும்புக் குழாயைச் செருகி, பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். பிளக் வந்தது, சுருள் கம்பிபோல மரையும் கூடவே வந்தது! ஹெட்டை இறக்கிப் புதுச் சுருள்மரை பொருத்த வேண்டியதாயிற்று. பொங்கலுக்கு ஊருக்குப் போக வைத்திருந்த பணம் அதில் கரைந்தது. அம்மாவிடம், "லீவு கிடைக்கவில்லை" என்று பொய் சொன்னேன்.

தவறு எங்கே? பிளக்கின் உடல் எஃகு. அது உட்காரும் ஹெட் அலுமினியம். இரண்டும் மோதினால் மென்மையான அலுமினியம்தான் பிய்யும். சூடாக இருக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம்.

சென்ற மாதம் மீண்டும் அதே பிளக் இறுகிக்கொண்டது. இம்முறை என் மகன்தான் கழற்றினான். செய்த முறை இதுதான்:

1. என்ஜின் நன்றாக ஆறட்டும். சாவியை எடுத்துவிடுங்கள். ஒயர்களுக்கு எண் எழுதி ஒட்டி, ரப்பர் மூடியைப் பிடித்து இழுங்கள். ஒயரை இழுக்கக் கூடாது.

2. பிளக்கைச் சுற்றியுள்ள தூசியைச் சைக்கிள் பம்பால் ஊதுங்கள். இல்லையேல் அது சிலிண்டருக்குள் விழும்.

3. துரு இளக்கும் ஸ்பிரேயைப் பிளக்கின் அடியில் சிறிது அடித்து, ஓர் இரவு விடுங்கள்.

4. பிளக் சாக்கெட்டை நேராகப் பொருத்துங்கள். சாய்ந்தால் பீங்கான் உடையும். சிறிது தளர்த்தி, இறுக்கம் தெரிந்தால் மறுபடி சற்றே உள்ளே திருகி, ஸ்பிரே அடித்து, மீண்டும் தளர்த்துங்கள்.

5. அப்படியும் அசையாவிட்டால், சுற்றிலும் உள்ள ஸ்பிரேயைத் துடைத்து, ஒயர்களை மாட்டி, என்ஜினை ஓரிரு நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய 2 மடங்கு விரிவதால், வெதுவெதுப்பில் பிடி சற்றுத் தளரும்.

6. புதிய பிளக்கை முதலில் விரலாலேயே திருகுங்கள். விரலுக்கு வராவிட்டால் கோணலாக ஏறுகிறது என்று பொருள். எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பானரால் சுமார் அரைச் சுற்று போதும்.

நாலாவது படியிலேயே மகன், "அப்பா, குழாய் போட்டு ஒரே இழுப்பாக இழுக்கட்டுமா?" என்றான். பொங்கல் கதையை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, அரைமணி நேரம் முன்னும் பின்னுமாகத் திருகினான். 'கிரீச்' என்று பிளக் கழன்றது. மரை முழுசாக இருந்தது.

அன்று மாலையே அம்மாவுக்கும் போன் செய்து உண்மையைச் சொன்னேன். "அவசரம் உனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டுடா" என்றாள்.

வாசகர்களே, கைப்பலத்துக்கு அசையாத பிளக்கோடு மல்லுக்கு நிற்காதீர்கள். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் கூலி, ஹெட் இறக்கும் செலவைவிட நிச்சயம் குறைவு.