புயல் கரையைக் கடந்த பிறகு: உள்மாவட்ட உழவர்கள் கவனிக்க வேண்டியவை

"புயல் கரையைக் கடந்துவிட்டது" என்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொன்னவுடன் கடற்கரையிலிருந்து நூறு மைல் தள்ளியிருக்கும் உழவர்கள் நமக்கு இனி ஆபத்து இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அவர்களுடைய தொல்லை அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது.

2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் குறைந்தது. ஆனால் மழை மேகம் மெல்ல நகர்ந்து மேற்கே வந்தது. டிசம்பர் 2-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவாயிற்று. ஊத்தங்கரை கடலிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் உள்ளது. ஏரி நிரம்பி வழிந்த நீர், சாலையோரம் நின்ற வண்டிகளை அடித்துச் சென்றது. அதே நாள் அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றங்கரை வயல்கள் நீரில் மூழ்கின.

அதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலின் கதை வேறு. அது தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைத் தாக்கி, திண்டுக்கல் பக்கமாகச் சென்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. புதுக்கோட்டைப் பகுதியில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது ஆலங்குடிப் பக்கம் ஓர் ஊரில் உழவர்களைக் கூட்டி, சாய்ந்த வாழைக்கும் தென்னைக்கும் என்ன செய்வது என்று நெடுநேரம் பேசினேன். முடிவில் ஒரு பெரியவர் எழுந்து, "ஐயா, பயிருக்கெல்லாம் மருந்து சொல்லிட்டீங்க. எங்க மோட்டாருக்கு என்ன மருந்து?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, வேளாண் பொறியியல் துறை நண்பர்களிடமும் மோட்டார் காயில் கட்டும் தொழிலாளர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால் இக்கட்டுரையில் பயிருக்கு முன்னால் மோட்டாரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆட்டோ சுவிட்சை முதலில் நிறுத்துங்கள்

மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வரும் என்று காத்திருக்க முடியாது என்பதால் நம் உழவர்களில் பெரும்பாலோர் ஸ்டார்ட்டரில் 'ஆட்டோ' பொருத்தியிருக்கிறார்கள். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடத் தொடங்கும். சாதாரண நாளில் இது பெரிய வசதி. வெள்ளத்துக்குப் பிறகு இதைவிட ஆபத்தானது வேறில்லை. மோட்டாரும் ஸ்டார்ட்டரும் நீரில் மூழ்கிக் கிடக்கும்போது, மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ நடு இரவில் மின்சாரம் வந்தால், ஆட்டோ தன் வேலையைச் செய்துவிடும். ஈரம் கோத்த காயில் ஒரு நொடியில் புகைந்துவிடும். அந்த நேரத்தில் யாராவது கொட்டகையில் நின்றால் உயிருக்கே மோசம். கைப்பேசியிலிருந்து மோட்டாரை ஓட்டும் கருவி வைத்திருப்போரும் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டிலிருந்தபடி பொத்தானை அழுத்துபவருக்குக் கொட்டகையில் தண்ணீர் நிற்பது தெரியாது.

ஆகவே, கனமழை எச்சரிக்கை வந்த அன்றே, தரை காய்ந்திருக்கும்போதே, ஆட்டோவை நிறுத்தி, மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். கிணற்று மேடையில் மோட்டார் வைத்திருப்போர், கிணற்றில் நீர் ஏறும் முன்பே சங்கிலிக் கப்பி கட்டி அதை மேலே தூக்கி வைத்துவிடுவது நல்லது. இது நாலு பேர் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. மழை கொட்டத் தொடங்கிய பிறகு அந்த நாலு பேர் கிடைக்கமாட்டார்கள்.

முன்கூட்டிச் செய்யாமல் கொட்டகையில் தண்ணீர் புகுந்துவிட்டால், "கரண்ட் இல்லையே" என்று எண்ணி உள்ளே போகாதீர்கள். மின்சாரம் எந்த நொடியும் வரலாம். மின்வாரிய ஊழியரிடம் சொல்லி டிரான்ஸ்பார்மரில் மின் இணைப்பைத் துண்டிக்கச் செய்த பிறகே நுழைய வேண்டும். ஊரில் துணிச்சலான ஒருவர் டிரான்ஸ்பார்மரில் ஏறி ஃபியூஸைப் பிடுங்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்த வழக்கத்தால் போன உயிர்கள் பல. அறுந்த கம்பி கம்பிவேலியின் மீது கிடந்தால், தொலைவில் வேலியைத் தொடும் மாட்டுக்கும் ஆளுக்கும் மின்சாரம் பாயும் என்பதையும் மறக்கலாகாது.

மூழ்கிய மோட்டாரைக் காய வைத்தல்

நீரில் மூழ்கிய மோனோபிளாக் மோட்டார் பெரும்பாலும் கெட்டுப்போவதில்லை. காயாமல் ஓட்டுவதால்தான் கெடுகிறது. மோட்டாரைக் கழற்றி இரு பக்க மூடிகளையும் திறந்து, காயில் இடுக்கில் படிந்த சேற்றை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். சேறு காய்ந்து இறுகிவிட்டால் ஈரம் அதற்குள்ளேயே தங்கிவிடும். பிறகு காற்றோட்டமான இடத்தில் சில நாட்கள் வெயிலில் வைக்க வேண்டும். வெயில் இல்லையென்றால் ஒரு பெட்டியில் வைத்து, அருகில் 100 வாட் குண்டு பல்புகளை எரியவிட்டுக் காய வைக்கலாம். அடுப்பருகே வைத்துச் சூடு காட்டினால் காயிலின் மேல் உள்ள வார்னிஷ் கருகிவிடும்.

காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. எலக்ட்ரீஷியனிடம் மெகர் என்னும் கருவி இருக்கும். காயிலுக்கும் மோட்டாரின் உடம்புக்கும் இடையே அது குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். குறைவாகக் காட்டினால் இன்னும் காய வேண்டும் என்று பொருள். பேரிங்கில் பழைய கிரீஸை வழித்தெடுத்துப் புதிது வைக்க வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டி, கண்டன்சர், எர்த் கம்பி மூன்றையும் சரிபார்த்த பிறகே இணைப்புக் கொடுக்க வேண்டும். காயில் புதிதாகக் கட்டும் கூலியோடு ஒப்பிட்டால் இவ்வளவுக்கும் ஆகும் செலவு மிகச் சிறியது.

ஆழ்துளைக் கிணற்றில் உள்ள நீர்மூழ்கி மோட்டாருக்கு வெள்ளத்தால் நேரடித் தீங்கு இல்லை. அதன் மேலே இருக்கும் ஸ்டார்ட்டரும் கேபிள் இணைப்பும்தான் கவனிக்க வேண்டியவை. வெள்ளம் குழாய் வாய் வழியே உள்ளே இறங்கியிருந்தால் வண்டலும் சேர்ந்து இறங்கியிருக்கும். முதலில் குறைவாக நீர் எடுத்துத் தெளியும்வரை வெளியே விடுங்கள். பிளீச்சிங் பவுடர் இட்டுச் சுத்தம் செய்யாமல் அந்த நீரைக் குடிக்க வேண்டாம். ஆயில் என்ஜின் மூழ்கியிருந்தால் எண்ணெயை முழுதும் வடித்து, சிலிண்டரில் நீர் இல்லை என்று உறுதி செய்யும்வரை கைப்பிடி சுழற்றக் கூடாது. நீர் அமுங்காது. ஆகையால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

மின் பாதையைப் பழுது பார்த்து இணைத்த பிறகு சில இடங்களில் மோட்டார் ஓடும், தண்ணீர் மட்டும் வராது, அல்லது பாதியே வரும். பம்பு கெட்டுவிட்டதென்று கழற்ற வேண்டாம். பேஸ் வரிசை மாறி இணைக்கப்பட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். எலக்ட்ரீஷியனை அழைத்து, மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

கிணறு நிறைந்து தளும்புகிறதே என்று முதல் நாளே முழுக்க இறைத்துவிடாதீர்கள். பக்கத்து மண் ஊறி இளகியிருக்கும்போது உள்ளே இருக்கும் நீர்தான் சுவரைத் தாங்கி நிற்கிறது. அதை விரைவாக எடுத்துவிட்டால் கிணறு சரியும்.

வயலில் வடிகால்

வடிகால் வேலையைக் கீழ்மடையிலிருந்து தொடங்க வேண்டும். மேல்மடைக்காரர் அவசரப்பட்டு வரப்பை வெட்டினால் கீழ்வயல்காரரின் பயிர் இரண்டாம் முறை மூழ்கும், மனத்தாங்கலும் வரும். எல்லாரும் சேர்ந்து முதலில் கடைசி வாய்க்காலில் உள்ள ஆகாயத் தாமரையையும் குப்பையையும் அகற்றினால் மேலே உள்ள நீர் தானே இறங்கும்.

சம்பா நெல் தூர்கட்டும் பருவத்தில் மூழ்கியிருந்தால், நீர் வடிந்ததும் இலை பழுத்திருப்பதைக் கண்டு மனம் தளர வேண்டாம். ஐந்தாறு இடங்களில் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். குருத்து பச்சையாகவும் உறுதியாகவும் இருந்தால் பயிர் பிழைக்கும். இழுத்தவுடன் குருத்து அழுகிக் கையோடு வந்தால் அந்தக் குத்து போய்விட்டது. அத்தகைய இடங்களில், அதே வயலில் அடர்ந்து நிற்கும் குத்துகளைக் கலைத்து நடலாம்.

பயிர் மஞ்சளாக இருக்கிறதென்று தண்ணீர் நிற்கும்போதே யூரியா தூவுவோர் உண்டு. காற்றில்லாத சேற்றில் வேர் மூச்சடைத்துக் கிடக்கிறது. அதனால் உரத்தை எடுக்க இயலாது. போட்ட உரம் வடிகாலோடு போகும். நீர் வடிந்த பின் ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ சிங்க் சல்பேட்டும் 200 லிட்டர் நீரில் கரைத்துக் கைத்தெளிப்பானால் இலைமேல் தெளிக்க வேண்டும். புதிய வெள்ளை வேர் விட்ட பிறகு மேலுரம் இடலாம். ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவுடன் 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இட வேண்டும். ஆண்டுதோறும் மூழ்கும் பள்ளக்கால் வயல் வைத்திருப்போர் அடுத்த சம்பாவுக்கு சி.ஆர். 1009 சப் 1 இரகத்தைக் கேட்டு வாங்குங்கள். வளர்ச்சிப் பருவத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கினாலும் அது மீண்டு வரும். பூக்கும் பருவத்தில் மூழ்கினால் எந்த இரகமும் தாங்காது.

மரவள்ளிக்கு ஒரு சிக்கல்

தர்மபுரி, கள்ளக்குறிச்சி, சேலம் பகுதி உழவர்களுக்கு இது முக்கியம். மரவள்ளிக்கு மூன்று நான்கு நாள் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகத் தொடங்கும். ஆகவே முற்றிய கிழங்கை உடனே பிடுங்கத் தோன்றும். ஆனால் பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெடும். மின்சாரம் இல்லாத நாட்களில் ஜவ்வரிசி ஆலை ஓடாது. லாரியில் ஏற்றிச் சென்று ஆலை வாசலில் காத்திருந்தால் எடையும் போய், மாவுச்சத்துப் புள்ளியும் குறைந்து, கேட்ட விலைக்கு விட்டுவர நேரும். அதனால் ஆலை ஓடுகிறதா என்று முதலில் விசாரியுங்கள். ஓடாவிட்டால், தண்ணீர் தேங்கிய தாழ்வான பகுதியை மட்டும் பிடுங்கிச் சீவி வெயிலில் காயவைத்து வற்றலாக்கலாம். மேட்டுப் பகுதியில் பாத்திகளுக்கு இடையே வடிகால் பறித்துவிட்டுக் கிழங்கை மண்ணிலேயே விட்டு வையுங்கள். செடியோடு இருக்கும் கிழங்கு கெடாது.

மஞ்சளுக்கும் வடிகாலே முதல் மருந்து. கிழங்கழுகல் கண்ட இடத்தில் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்ற வேண்டும்.

வெள்ளத்துக்குப் பின் வரும் வறட்சி

கஜாவின் போது பலரும் எதிர்பாராதது இதுதான். நீரில் நின்ற பயிரின் ஆழமான வேர்கள் அழுகி, மேலோட்டமான வேர்கள் மட்டுமே எஞ்சும். மேல் மண்ணோ பத்து நாளில் காய்ந்து இறுகிவிடும். கத்தரி, மிளகாய், மல்லிகை, வாழை எல்லாம் வாடத் தொடங்கும். கிணற்றில் தண்ணீர் இருக்கும், இறைக்க மின்சாரம் இருக்காது. ஆகவே மண் பொலபொலவென்று வரும் பதத்தில் களைக்கொத்தால் மேலாகக் கொத்திவிடுங்கள். வேருக்குக் காற்றும் கிடைக்கும், ஈரமும் சீக்கிரம் ஆவியாகாது. சாய்ந்த வாழை இலையையும் கரும்புச் சோகையையும் வரிசைகளுக்கு இடையே மூடாக்காகப் பரப்பலாம்.

ஜெனரேட்டரை ஊராகச் சேர்ந்து வாடகைக்கு எடுத்து முறை வைத்து இறைக்கலாம். குடிநீருக்கும் மாட்டுக்கும் முதல் முறை கொடுங்கள். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் போதாது. ஓடத் தொடங்கும் நொடியில் மோட்டார் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். 15 கே.வி.ஏ. அளவில் கேட்டு வாங்குங்கள். மாற்றுச் சுவிட்சு இல்லாமல் ஜெனரேட்டர் கம்பியை மெயின் இணைப்பில் சொருகவே கூடாது. அந்த மின்சாரம் பின்னோக்கிப் போய் டிரான்ஸ்பார்மர் வழியே உயர் அழுத்தமாக மாறும். அப்போது எங்கோ கம்பத்தில் ஏறி நமக்காகவே வேலை செய்துகொண்டிருக்கும் லைன்மேன் உயிரிழப்பார்.

பால் ஊற்றுவோர், சங்கத்தில் குளிர்விக்கும் தொட்டிக்கு ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று மாலைக் கறவைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையெனில் காய்ச்சி உறை ஊற்றி வெண்ணெய் எடுப்பது, புளித்துத் திருப்பப்பட்ட பாலைவிட மேல். நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடாதீர்கள்.

வயலையும் கொட்டகையையும் சுத்தம் செய்யும் முன் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்பது சுவர்க் கறையில் தெரியும். அதையும் சேர்த்து எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் கணக்கெடுக்க வரும்போது அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார் நகல்களோடு நேரில் நின்று, உங்கள் சர்வே எண் பட்டியலில் ஏறியதைப் பார்த்துக்கொள்ளுங்கள். குத்தகைக்குப் பயிர் செய்வோர் நில உரிமையாளரோடு முன்பே பேசி, சாகுபடி செய்தவர் பெயரில் அடங்கல் வாங்கி வைத்திருந்தால்தான் நிவாரணம் அவர்கள் கைக்கு வரும்.