ஏடு காத்தல்

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கண்ணகியம்மன் ஆலயக் கதவுகள் வைகாசித் திங்களில் திறக்கப்படுகின்றன. சடங்கு நாட்களில் வழக்குரை பாடப்பெறும். நிறைவிற் குளிர்த்தி பாடப்பெறும். ஊரார் கூடியிருந்து கேட்டமையாலேயே இந்நூல் தலைமுறை கடந்து நின்றது.

ஆயினும் ஏடு ஈரத்துக்கும் கறையானுக்கும் இரையாவது. ஏட்டிலிருந்தவற்றை அச்சேற்றிய பெரியோர் இருவரை நாம் மறத்தலாகாது. திரு. எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தையும், பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் 1968இல் கண்ணகி வழக்குரையையும் பதிப்பித்தனர்.

1978 நவம்பரிற் சூறாவளி நம் நாட்டைச் சூறையாடிற்று. கூரை போனால் ஏட்டுப்பெட்டியும் போம். பல ஊர்களிற் பிரதியுள்ள நூலோ ஒருங்கே அழியாது. ஆதலின், நம் இல்லங்களில் எஞ்சிய ஏடுகளைப் படியெடுப்போம். எடுத்தவற்றை ஊர் கேட்கப் படிப்போம்.