டேப் வாங்கப் போனோம்

எங்கள் அயல்கூட்டத்தில் 14 பெண்கள். எல்லோரும் மூணாறு பக்கத்தில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்கள். என் அம்மாவும் அதில் ஒருவர். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். லயத்தில் மாலை நேரத்தில் எழுத்து வகுப்பு எடுக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் கூட்டம் நடக்கும். சேமிப்புப் பணம் கட்டுவார்கள். கடன் வாங்கியவர்கள் தவணை கட்டுவார்கள். எல்லாக் கணக்கும் ஒரே நோட்டில் இருந்தது.

ஆடி மாத மழையில் கூரை ஒழுகியது. நோட்டு நனைந்தது. இரண்டு பக்கம் மை கரைந்து போனது. ஒரு சித்தியின் கடன் பாக்கி 1,200 ரூபாயா, 1,500 ரூபாயா? எண் தெரியவில்லை. சித்தி 1,200 என்றார். பணம் வைத்திருக்கும் அக்கா 1,500 என்றார். இருவரும் அடுத்தடுத்த வீடு. அன்று முதல் பேச்சு நின்றது.

அதன் பிறகுதான் டேப் வாங்க முடிவு செய்தார்கள். டேப் என்றால் டேப்லெட். கையில் பிடிக்கும் கணினி. சிலேட்டு அளவு இருக்கும். விரலால் தொட்டு எழுதலாம். ஆளுக்கு 700 ரூபாய் போட்டார்கள். மொத்தம் 9,800 ரூபாய். "படிச்ச பிள்ளை நீ. நீயே பார்த்து வாங்கிட்டு வா" என்று என் கையில் கொடுத்தார்கள்.

கடைக்காரர் கேட்டார்: "வைஃபை மாடலா, சிம் மாடலா?"

எனக்கு வித்தியாசம் தெரியாது. கேட்கவும் வெட்கம். "எது விலை குறைவு?" என்றேன். வைஃபை மாடல் 9,800. சிம் மாடல் 12,600. "இதில் நெட் வருமா?" என்று குறைந்த விலை டேப்பைக் காட்டிக் கேட்டேன். "வருமே" என்றார். வாங்கிவிட்டேன்.

ஞாயிறு வந்தது. 14 பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். கணக்கு எழுதும் செயலியைத் திறந்தேன். 'இணைய இணைப்பு இல்லை' என்று வந்தது. மூடித் திறந்தேன். அதேதான் வந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. பெரியம்மா மட்டும் சொன்னார்: "ஏம்மா, சிலேட்டுல எழுதினாக்கூட எழுத்து தெரியுமே!"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆளுக்கு 700 ரூபாய் என்பது ஒரு நாள் கூலியை விட அதிகம்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. இப்போது தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன்.

செய்தியைக் கம்பி இல்லாமல் அனுப்பலாம். ரேடியோ பாடுவது போல, காற்றில் வரும் அலைகள்தான் அதைக் கொண்டு வருகின்றன. டேப்பில் இது இரண்டு விதமாக இருக்கும். ஒன்று வைஃபை. இது ஒரு வீட்டுக்குள், ஒரு கூடத்துக்குள் மட்டும் எட்டும். அந்த வீட்டில் இணைய இணைப்புப் பெட்டி இருக்க வேண்டும். இன்னொன்று சிம். இது சில கிலோமீட்டர் தள்ளி நிற்கும் டவரோடு நேராகப் பேசும். வைஃபை மாடலில் சிம் போடும் இடமே கிடையாது. சிம் மாடலில் இரண்டும் உண்டு. அதனால்தான் விலை கூடுதல்.

எங்கள் லயத்தில் யார் வீட்டிலும் இணையப் பெட்டி இல்லை. அப்படியானால் சிம் மாடல் வாங்கியிருக்க வேண்டும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 2,800 ரூபாயை யாரிடம் கடன் கேட்பது என்று கூட யோசித்தேன்.

மறுநாள் தம்பி ஒன்று சொன்னான். "அக்கா, நம்ம லயத்துல என் போனுக்கே சிக்னல் கிடையாது. சிம் போட்ட டேப்புக்கு மட்டும் எங்கிருந்து வரும்?"

சரிதானே? எங்கள் லயம் பள்ளத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் மலை. டவர் அலை மலையைத் தாண்டி இறங்கவில்லை. கோயில் மேட்டில் ஏறினால்தான் போனில் இரண்டு கோடு தெரியும்.

டேப்பை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனோம். தம்பி தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டான். ஹாட்ஸ்பாட் போட்டால் போனே ஒரு சின்ன இணையப் பெட்டி ஆகிவிடும். போன் டவரோடு பேசும். டேப் போனோடு வைஃபையில் பேசும். டேப்பில் நெட் வந்தது. மேட்டில் வைஃபை மாடலும் வேலை செய்யும். பள்ளத்தில் சிம் மாடலும் வேலை செய்யாது.

ஆனால் கூட்டம் நடப்பது பள்ளத்தில். மழையில் 14 பேர் மேடு ஏற முடியுமா? அப்போதுதான் தவறு எங்கே என்று புரிந்தது. சிம் இல்லாதது பெரிய குறை இல்லை. நெட் இருந்தால்தான் திறக்கும் செயலியைப் போட்டதுதான் குறை. அதை எடுத்துவிட்டேன். டேப்பிலேயே கணக்கைச் சேர்த்து வைக்கும் அட்டவணைச் செயலி ஒன்றைப் போட்டேன். கூட்டத்தில் நெட் இல்லாமலே எழுதுகிறோம். வாரம் ஒரு முறை மேட்டுக்குப் போய், அதன் நகலை வேறு இடத்துக்கு அனுப்பி வைக்கிறோம். டேப் உடைந்தாலும் கணக்கு பிழைக்கும்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். ஐந்து நிமிடம் போதும். டேப்பில் விமானப் படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். அதைத் தொடுங்கள். வைஃபையும் எரிந்தால் அதையும் அணையுங்கள். இப்போது எந்த அலையும் வராது. நீங்கள் பயன்படுத்தப் போகும் செயலியைத் திறந்து தமிழில் ஒரு பெயரும், ஒரு தொகையும் எழுதுங்கள். டேப்பை முழுக்க அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். எழுதியது இருக்கிறதா? இருந்தால் நம்பலாம். இந்தச் சோதனையைச் செய்ய விடாத கடையில் நான் இனி வாங்க மாட்டேன்.

இந்தக் கேள்வியில் நான் மட்டும் தடுமாறவில்லை. நாடே தடுமாறியிருக்கிறது. 2011 அக்டோபர் 5 அன்று மத்திய அரசு மாணவர்களுக்காக 'ஆகாஷ்' என்ற டேப்பை வெளியிட்டது. அரசு அதை 2,276 ரூபாய்க்கு வாங்கியது. அதில் வைஃபை மட்டும்தான் இருந்தது. வைஃபை இல்லாத ஊரில் இருக்கும் மாணவர் என்ன செய்வார்? அதே நிறுவனம் கடையில் விற்பதற்குத் தயாரித்த மாடலில் சிம் போட முடிந்தது. அதற்கு 2,999 ரூபாய் விலை வைத்தது. ஆகாஷின் திரையையும் விரலால் அழுத்தித் தொட வேண்டியிருந்தது. மெதுவாக ஓடியது. பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது. 2012 நவம்பரில் திருத்திய மாடல் வந்தது.

அதற்கும் முன்னால் பெங்களூரில் 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கணினியை உருவாக்கினார்கள். இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் பொறியாளர்களும் சேர்ந்து செய்த வேலை அது. 2004இல் விற்பனைக்கு வந்தது. படிக்கத் தெரியாதவருக்கு அது எழுத்தைப் பேசிக் காட்டும். ஒரு கிராமத்துக்கு ஒரு கருவி போதும், ஆளுக்கு ஒரு அட்டை இருந்தால் போதும் என்று நினைத்துச் செய்தார்கள். நம்மைப் போன்றவர்களை மனதில் வைத்துச் செய்த கருவி. ஆனால் அதிகம் விற்கவில்லை. கொஞ்ச காலத்தில் செல்போன் எங்கும் வந்துவிட்டது.

2011இல் தொடங்கிய சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு இன்னொரு விதம். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கையடக்கக் கருவிகளோடு வீடு வீடாகப் போனார்கள். வீட்டு வாசலில் கருவியில் பதிந்தார்கள். பிறகு ஒரு மையத்துக்குக் கொண்டு போய்க் கணினியில் ஏற்றினார்கள். நாங்கள் கோயில் மேட்டில் செய்வதும் ஏறக்குறைய இதேதான்!

அப்படியானால் சிம் மாடல் யாருக்கு வேண்டும்? எங்கள் பகுதி ஆஷா அக்காவுக்கு வேண்டும். அவர் தனியாக நடந்து பல லயங்களுக்குப் போகிறார். கர்ப்பிணிகளின் விவரத்தை அன்றன்றே அனுப்ப வேண்டும். கூட ஹாட்ஸ்பாட் போடத் தம்பி வர மாட்டான். தன் போனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டால் போன் பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும். சில வைஃபை மாடல்களில் இடம் காட்டும் ஜிபிஎஸ் வசதியும் இருக்காது. அவருக்கு நான் சிம் மாடல்தான் சொன்னேன். கடைக்கும் கூடப் போனேன். இந்த முறை வெட்கப்படாமல் கேட்டேன்.

முதல் கேள்வி: "எங்கள் ஊர் டவரை இது பிடிக்குமா?" எல்லா டேப்பும் எல்லா அலைவரிசையையும் பிடிக்காது. பி.எஸ்.என்.எல். தன் 4ஜி சேவைக்கு 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் பயன்படுத்துகிறது. இந்தக் குறைந்த அலை அதிக தூரம் போகும். மலைப் பகுதிக்கு நல்லது. டேப் பெட்டியிலோ விவரத் தாளிலோ 'பேண்ட் 28' என்று இருந்தால்தான் அந்த அலை கிடைக்கும். பக்கத்து வீட்டில் அதே மாடல் இருந்தால் இரவல் வாங்கி, உங்கள் சிம்மைப் போட்டு, உங்கள் வீட்டு வாசலில் நின்று பாருங்கள். பெட்டியில் இருப்பதை விட அதைத்தான் நான் நம்புவேன்.

இரண்டாவது கேள்வி: "இதில் எஸ்.எம்.எஸ். வருமா?" சில சிம் டேப்புகளில் நெட் வரும். ஆனால் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் வராது. வங்கி அனுப்பும் ரகசிய எண் எஸ்.எம்.எஸ்.ஸில்தானே வருகிறது?

செலவையும் கணக்குப் பாருங்கள். தனி சிம் என்றால் தனி ரீசார்ஜ். 28 நாள் திட்டத்தை மாதத் திட்டம் என்று நினைக்கிறோம். வருடத்துக்கு 365 நாள். அதை 28ஆல் வகுத்தால் 13 வரும். 12 இல்லை. 13 தடவை பணம் கட்ட வேண்டும்.

சிம் டேப்பின் உள்ளே இருக்கிறது. டவர் நம் கையில் இல்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரம் இல்லை. போன் தொடர்பும் இல்லை. மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே போனது. கரண்ட் போய், டவரின் பேட்டரியும் தீர்ந்தால் எவ்வளவு விலை கொடுத்த கருவியும் பேசாது. ஆகவே, அவசரத்துக்கு வேண்டிய போன் எண்களை ஆஷா அக்கா டேப்பில் மட்டும் வைக்கவில்லை. தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார். லயத்தில் யாரிடம் ஜீப் இருக்கிறது என்பதும் அந்தத் தாளில் உண்டு.

மற்றவை சுருக்கமாக. பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்கள். நீர் பட்டால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். 'ஐபி' என்ற எழுத்துக்குப் பின் இரண்டு எண் போட்டிருப்பார்கள். முதல் எண் தூசிக்கு. இரண்டாவது எண் தண்ணீருக்கு. எண் கூடினால் பாதுகாப்பு கூடும். டேப்பிலும் சார்ஜரிலும் இந்தியத் தர நிறுவனத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் 8 எண்களும் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று தெரியும்.

பழைய சிம் டேப் வாங்குவதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அமைப்புகள் பகுதியில் 15 இலக்க எண் ஒன்று இருக்கும். பேசும் வசதி இருந்தால் *#06# என்று அழுத்தினாலும் வரும். உங்கள் போனில் ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த 15 எண்கள். இதை 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். திருட்டுப் பொருள் என்று தடை செய்திருந்தால் பதிலில் தெரியும்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். மாடல் பெயர் பில்லில் இருக்கட்டும். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம்.

எங்கள் டேப் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. பெரியம்மாவே தன் பெயருக்கு நேரே தொகையை எழுதுகிறார். நனைந்த நோட்டைக் காயவைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறோம். சித்தியின் பாக்கி 1,200ஆ, 1,500ஆ என்று டேப்புக்கும் தெரியாது. கடைசியில் அந்த 300 ரூபாயைச் சித்தி 150, அக்கா 150 என்று பாதிப் பாதி போட்டுக் கட்டினார்கள். அன்று சித்தி வீட்டில்தான் எல்லோருக்கும் கட்டன் சாயா.

வகுப்பில் செய்து பாருங்கள்

1. உங்கள் ஊரில் எந்த இடத்தில் சிக்னல் வரும், எந்த இடத்தில் வராது? ஒரு படம் வரைந்து குறியுங்கள்.

2. உங்கள் வீட்டு சார்ஜரை எடுத்து 'ஆர்' எண் இருக்கிறதா என்று தேடுங்கள். அதை நோட்டில் எழுதுங்கள்.

3. 28 நாள் ரீசார்ஜ் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு எவ்வளவு ஆகும்? 14 பேர் பங்கு போட்டால் ஆளுக்கு எவ்வளவு?