லீவாவுக்குப் போகும் முன்

அன்புள்ள யாழினி,

டிசம்பர் கடைசியில் அலுவலகத் தோழிகளோடு அபுதாபிப் பாலைவனத்திலுள்ள லீவாவுக்குப் போய், மொரீப் மணல்மேட்டில் வண்டி ஏற்றிப் பார்க்க ஆசை என்று எழுதியிருக்கிறாய். எந்த வண்டி எடுக்கலாம் என்றும் கேட்டிருக்கிறாய். வண்டியைப் பற்றிப் பிறகு பேசுவோம். எத்தனை வண்டி, யார் யார் ஓட்டுகிறார்கள் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. என் கவலையெல்லாம் அதில்தான்.

மணலுக்குள் தனி வண்டியாகப் போகவே கூடாது. இரண்டும் போதாது. ஒன்று புதைந்தால் இழுக்க இன்னொன்று வேண்டும். இழுக்க வந்ததும் புதைந்துவிட்டால் மூன்றாவது வேண்டும். அந்த மூன்றில் ஒன்றையாவது மணலில் பல வருடம் பழகியவர் ஓட்ட வேண்டும். அவர் முன்னால் போவார். அவருக்கு நேர் பின்னால் புதிய ஆள், அதாவது நீ. கடைசியில் ஓரளவு தெரிந்த ஒருவர். மூன்று வண்டியிலும் வாக்கி டாக்கி இருக்கட்டும். முன் வண்டி மேட்டைத் தாண்டி இறங்கி, ஒதுங்கி நின்று, "வரலாம்" என்று சொன்ன பிறகுதான் அடுத்தது ஏற வேண்டும். கூட்டத்தின் வேகமும் வழியும் அதில் மிகப் புதியவருக்குத் தாங்குகிற அளவுதான். இதற்கு ஒப்பாதவர் எவ்வளவு பெரிய ஓட்டுநரானாலும் அவரோடு போகாதே. யாராவது "நிறுத்து" என்றால் காரணம் கேட்காமல் நிறுத்துவது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள். மணலில் நடக்கிற விபத்துகளில் பெரும்பாலானவை, "ஏறிடலாம், பயப்படாதே" என்று யாரோ உசுப்பேற்றியதில் தொடங்குகிறவை என்பது என் உறுதியான எண்ணம்.

மொரீப் சுமார் 300 மீட்டர் உயரம். அதன் முகத்தில் சீறிக்கொண்டு ஏறுகிற வண்டிகளைக் காணொளியில் பார்த்திருப்பாய். அவை பந்தயத்துக்கென்றே இஞ்சினை மாற்றிக் கட்டியவை. நீ அடிவாரத்தில் நின்று பார், படம் எடுத்துக்கொள். ஓட்டுவதற்கு அதைச் சுற்றியுள்ள சிறு மேடுகளே உனக்கு இந்த வருடத்துக்குப் போதும். அதற்கும் முன்னால், நவம்பரில் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் ஹத்தா போகும் சாலையிலுள்ள பதாயருக்கு வா, நானும் வருகிறேன். அங்கே மணல் நம் ஊர்த் தேரிக்காடு போலவே செக்கச்செவேல் என்றிருக்கும். இரண்டுக்கும் அந்த நிறம் இரும்பு ஆக்சைடால் வந்ததுதான். வெயில் ஏறியதும் குவாட் பைக் கூட்டம் நெரிக்கும். அதற்குள் பயிற்சியை முடித்துவிடலாம்.

மணல்மேட்டை முதலில் பார்க்கக் கற்றுக்கொள். காற்று அடிக்கிற பக்கம் சரிவு மெதுவாக ஏறும். மணல் இறுகியிருக்கும், மேலே சின்னச் சின்ன அலை வரிகள் ஓடும். உச்சியைத் தாண்டியதும் மறுபக்கம் சடாரென்று இறங்கும். உலர்ந்த மணல் சரியாமல் நிற்கக்கூடிய கடைசிக் கோணம் 32, 34 டிகிரிதான். அந்தப் பக்கம் முழுவதும் அந்தக் கோணத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறது. அங்கே அலை வரி இருக்காது, வழவழவென்றிருக்கும். கால் வைத்தால் முழங்கால்வரை புதையும், மேலிருந்து மணல் ஓசையில்லாமல் வழிந்து வரும். மேலேறி வருகிறவருக்கு இந்தப் பக்கம் கண்ணுக்கே தெரியாது என்பதுதான் ஆபத்து. வேகத்தோடு உச்சியைத் தாண்டினால் வண்டி அந்தரத்தில் பாய்ந்து மூக்கு குத்தி விழும். ஆகவே வேகம் அடிவாரத்தில் வேண்டும், உச்சியை நெருங்கும்போது அது வடிந்திருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் இறங்கி நடந்து போய்ப் பார்.

நடந்து பார்ப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. பாலைவனப் பயணி வில்ஃபிரட் தெசிகர் 1946இன் கடைசியில் ரூப் அல் காலியைக் கடந்தபோது, அவர் ஒட்டகங்களுக்கு மணல் மலைகளில் வழி கண்டுபிடித்தவர் ராஷித் குலத்து முகம்மது அல் அவுஃப். மற்றவர்களை நிறுத்திவைத்துவிட்டு, தானே முன்னால் போய்ப் பார்த்து வந்துதான் ஒட்டகங்களை நடத்தினார். அதே பாலைவனத்தின் வடக்கு ஓரத்தில்தான் நீ போகிற லீவா இருக்கிறது.

அடுத்தது டயர். சாலையில் 35 பி.எஸ்.ஐ. இருக்கும் காற்றைத் தார்ச்சாலை முடிகிற இடத்திலேயே 15க்கு இறக்கிவிடு. டயரின் அடிப்பாகம் அகன்று நீண்டு மணலில் பரவும். எடை பரவலாக இறங்குவதால் வண்டி அமிழாமல் மேலேயே போகும். பக்கவாட்டில் டயர் லேசாகப் பிதுங்கித் தெரியும், பயப்படாதே. மிகவும் இளகிய மணலென்றால் 12 வரை போகலாம். அதற்கும் கீழே போய் வேகத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். கண் மதிப்பு உதவாது, அளக்கும் கேஜ் கையில் இருக்க வேண்டும். திரும்பி வரும்போது தார்ச்சாலையில் ஏறும் முன்பே கம்ப்ரஸரால் காற்றை நிரப்பிவிட வேண்டும். காற்றுக் குறைந்த டயரோடு 120இல் ஓட்டினால் சூடேறி வெடிக்கும்.

ஏற முடியாமல் பாதியில் நின்றுவிட்டால் வண்டியைத் திருப்பப் பார்க்காதே. வந்த தடத்திலேயே நேராக ரிவர்ஸில் இறங்கு. உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போதும் மூக்கு நேர் கீழாக இருக்கட்டும், பிரேக்கை அழுத்தி மிதிக்காதே. சரிவின் குறுக்கே போகும்போது பின்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங்கைப் பள்ளத்தை நோக்கித் திருப்பு. மேட்டை நோக்கித் திருப்பத்தான் கை போகும். அப்படித் திருப்பினால் வண்டி உருண்டுவிடும். சக்கரம் சும்மா சுழல்கிறது என்று தெரிந்த நொடியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடு. மண்வெட்டியால் சக்கரங்களைச் சுற்றி மணலை விலக்கி, நிதானமாகப் பின்னால் எடுத்தால் பாதி நேரம் வண்டி தானாகவே வந்துவிடும்.

இழுக்க வேண்டி வந்தால், யாழினி, இதை மட்டும் மறக்காதே. டிரெய்லர் மாட்டுவதற்காகப் பின்னால் வைத்திருக்கிற இரும்பு உருண்டையில் கயிற்றை மாட்ட ஒருபோதும் விடாதே. அது முறிந்தால் குண்டு போலப் பறந்து வரும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். வண்டியின் சட்டத்தோடு இணைந்த, இழுப்பதற்கென்றே கொடுத்த கொக்கிகள் இருக்கின்றன. இழுக்கும்போது மற்றவர்கள் எல்லோரும் கயிற்றின் நீளத்துக்கும் அதிகமான தூரத்தில் நிற்க வேண்டும்.

தோழிகள் குவாட் பைக் வாடகைக்கு எடுக்க ஆசைப்படுவார்கள். அதற்குக் கூண்டு கிடையாது, கவிழ்ந்தால் முழு எடையோடு ஆள்மேல் விழும். ஹெல்மெட் இல்லாமல் ஏறக் கூடாது. ஒருவர் இருக்கையில் இன்னொருவரை ஏற்றக் கூடாது. மணலில் ஓட்டும் பக்கி வண்டி அதைவிட நல்லது. கூண்டும் பட்டையும் இருக்கின்றன. ஆனால் கவிழும்போது கை தானாக வெளியே நீளும், கூண்டுக்கும் மணலுக்கும் நடுவே நசுங்கும். கையை உள்ளேயே வை. எதில் போனாலும் உயரமான கொடி கட்டியிருக்க வேண்டும், மேட்டுக்கு அப்பால் வருகிறவருக்கு முதலில் தெரிவது அதுதான்.

நண்பகலில் ஓட்டாதே. நிழலே விழாததால் மேடும் பள்ளமும் ஒரே தட்டையாகத் தெரியும். லீவாவில் குளிர்காலக் காலைகளில் மூடுபனி இறங்கும், அது விலகும்வரை கூடாரத்தைவிட்டு நகராதே. மேடுகளுக்கு நடுவே வெள்ளை பூத்த உப்புத் தரைகள் வரும்; சப்கா என்பார்கள். மேல் ஓடு கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் சேறு, குறுக்கு வழி என்று இறங்காதே. தலைக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர். லீவாவிலுள்ள முஸைரா ஊரில் பெட்ரோலை முழுக்க நிரப்பிக்கொள். மணலில் ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கும். போன் சிக்னலை நம்பாதே. எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று எனக்கு எழுதி அனுப்பு. அந்த நேரம் தாண்டினால் நான் 999ஐ அழைப்பேன்.

காஃப் மரங்களைப் பார்ப்பாய். நம் ஊர்க் கோயில்களில் நிற்கும் வன்னிதான் அது. அடியில் நெருப்பு மூட்டாதே, புதர்கள்மேல் வண்டியை ஏற்றாதே. அங்கே உயிர் பிடித்து நிற்பவை அவைதான். ஒட்டகம் குறுக்கே வந்தால் நின்று வழிவிடு. எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் உண்டு.

இப்போது வண்டி. ஃபோர் வீல் டிரைவோடு லோ ரேஞ்ச் கியரும் இருப்பதாக எடு. பேட்ரோல், பிராடோ, ராங்லர் எதுவானாலும் சரி. உன் தோழியின் சின்ன எஸ்.யூ.வி. மணலுக்கு ஆகாது, முஸைராவிலேயே நிறுத்திவிடுங்கள். வாடகை வண்டியானால் ஒப்பந்தத்தில் மணலில் ஓட்ட அனுமதி உண்டா என்று பார்; சொந்த வண்டியானால் இன்சூரன்ஸ் பத்திரத்தைப் படி.

கம்ப்ரஸர், கேஜ், மண்வெட்டி, இழுகயிறு எல்லாம் என்னிடம் இருக்கின்றன. மாமா வியாழக்கிழமை அபுதாபி வருகிறார், கொடுத்தனுப்புகிறேன். கம்ப்ரஸரை பேட்டரியில் மாட்டி, இஞ்சினை ஓடவிட்டு, வீட்டு வாசலிலேயே ஒருமுறை நான்கு டயருக்கும் காற்றை இறக்கி ஏற்றிப் பார். எவ்வளவு நேரம் ஆனது என்று எழுது.

அன்புடன்,
அத்தை