பெட்டிக்குள் டிஸ்க் இல்லை: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் ஊர்க் கடையில் என் மகனுக்கு ஒரு வீடியோ கேம் 3,999 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் இருப்பது டிஸ்க் போட்டு விளையாடும் கன்சோல். பெட்டியைப் பிரித்தால் டிஸ்க்கே இல்லை. சுரண்டிப் பார்க்கும் கோட் நம்பர் ஒட்டிய சீட்டு ஒன்றுதான் இருந்தது. சுரண்டாமல் மறுநாளே கடைக்கு எடுத்துப் போனேன். “இப்பல்லாம் இப்படித்தாம்மா வருது” என்று சொல்லி, பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று இருந்ததைக் காட்டினார்கள். என் மகன் விளையாடி முடித்த டிஸ்க்குகள் என் தம்பி மகனுக்குப் போகும். அவனுக்கும் அலுத்த பிறகு பாதி விலைக்கு விற்றுவிடுவோம். இதை அப்படிக் கொடுக்க முடியாதாம். இன்னொன்று, இரண்டு வருடத்துக்கு முன்பு ஆன்லைனில் வாங்கிய கார் பந்தய கேமை நிறுத்தப் போவதாகப் போன மாதம் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. “நாம அதை வாங்கவே இல்லம்மா, லைசென்ஸ் மட்டும்தான்” என்கிறான் மகன். அப்படியானால் நான் கொடுத்த பணம் எதற்கு? வழக்குப் போடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டிருப்பது மூன்று விஷயம். கடைக்காரர் மேல் உங்களுக்கு இருப்பது நல்ல வழக்கு. தம்பி மகனுக்குக் கொடுக்கும் விஷயத்தில் சட்டம் இன்று உங்களுக்குத் துணை நிற்கவில்லை. நிறுத்தப்படும் கேமுக்காகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் முழுப் பணமும் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

முதலில் பெட்டி. நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். முன்பக்கம், டிஸ்க் வைத்து விற்கும் பெட்டி எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது. அதே அளவு, அதே பிளாஸ்டிக் உறை. பின்பக்கத்தின் கீழ் மூலையில், உள்ளே டவுன்லோட் எண் மட்டுமே உள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிய பிறகுதான் அதை என்னால் படிக்க முடிந்தது. கடைக்காரரின் வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்வார். நமது பதில் இது: டிஸ்க் கேம்களோடு ஒரே அலமாரியில், டிஸ்க் கேமின் விலைக்கே வைத்து விற்ற பொருளில் டிஸ்க் இல்லை என்பதுதான் வாங்குகிறவருக்கு முதலில் தெரிய வேண்டிய தகவல். அதை விற்கும்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(11)இல், தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் ‘குறைபாடு’ என்றே வரையறுக்கிறது. பில்லின் அடியில் அச்சடித்த அந்த வாசகத்துக்கும் நீங்கள் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பது ‘நியாயமற்ற வணிக நடைமுறை’ என்று பிரிவு 2(47) சொல்கிறது. கடைக்காரர் தன் பில்லில் எதையோ அச்சடித்துக்கொண்டதால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லாமல் போய்விடாது. சுரண்டாமல் வைத்திருக்கிறீர்களே, அதுதான் உங்கள் பெரிய பலம். சுரண்டியிருந்தால், எண்ணைப் பயன்படுத்திவிட்டு வந்து கேட்கிறீர்கள் என்று சொல்லி வழக்கையே திசைதிருப்பிவிடுவார்கள்.

அடுத்து, உங்கள் மகன் சொன்னது. பிள்ளை சொன்னது பாதி சரி. டிஸ்க்கில் இரண்டு சொத்து அடங்கியிருக்கிறது. உள்ளே பதிந்திருக்கும் மென்பொருளின் பதிப்புரிமை எப்போதுமே கம்பெனிக்குத்தான். ஆனால் கையில் இருக்கும் டிஸ்க் உங்களுடைய பொருள். தயார்நிலையில் ஊடகத்தில் பதிந்து விற்கும் மென்பொருள் ‘சரக்கு’ என்று 2004இல் டாடா கன்சல்டன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது விற்பனை வரி தொடர்பான வழக்கு என்பதை நினைவில் வையுங்கள். டவுன்லோட் செய்யும்போது கைமாற ஒரு பொருளே கிடையாது. உங்களுக்கு வருவது, உங்கள் அக்கவுன்ட்டோடு கட்டிப்போட்ட அனுமதி. அந்த அக்கவுன்ட்டை வேறொருவருக்கு விற்கவோ மாற்றவோ கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று நாம் அழுத்தியதும் அதற்குத்தான்.

இதை எதிர்த்துப் போராடிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை விற்ற மென்பொருள் உரிமத்தை, டவுன்லோட் செய்து பெற்றதாக இருந்தாலும், வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்று 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம் யூஸ்ட்சாஃப்ட் வழக்கில் சொன்னது. அந்தத் தீர்ப்பை நம்பி, பிரான்ஸில் ஒரு நுகர்வோர் அமைப்பு ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு, 2019இல் பாரிஸில் ஜெயித்தது. 2022இல் மேல்முறையீட்டில் தோற்றது. வீடியோ கேம் வெறும் மென்பொருள் அல்ல, அதில் இசையும் படமும் கதையும் கலந்திருக்கின்றன, அதனால் அந்தத் தீர்ப்பு இதற்குப் பொருந்தாது என்றார்கள். 2024 அக்டோபரில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆகவே தம்பி மகனுக்கு அந்த கேமைக் கொடுக்கும் உரிமை உண்டு என்று இன்றைய நிலையில் என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. அக்கவுன்ட்டையே விற்றுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒதுங்கிவிடுங்கள். பிறகு கம்பெனி அதை முடக்கினால் நீங்கள் வாதாட இடமிருக்காது.

எழுதும்போதே மனசு கனக்கிறது. அண்ணன் விளையாடி முடித்த டிஸ்க் தம்பிக்குப் போவதும், அதை விற்ற காசில் அடுத்ததை வாங்குவதும் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெரிய வசதி. அந்தக் கதவு மெல்ல மூடப்படுகிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கன்சோலில் டிஸ்க் போட இடமே கிடையாது. 2024இல் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவுக்கு டிஸ்க் டிரைவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டும். கன்சோல் வாங்கும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நிறுத்தப்படும் கேம். இதற்கு உலகமறிந்த உதாரணம் யூபிசாஃப்ட்டின் ‘தி க்ரூ’. 2014இல் வந்த கார் பந்தய கேம். 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரை அணைத்தார்கள். சர்வர் இல்லாமல் ஓடாத கேம் என்பதால், டிஸ்க்காக வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் அத்தோடு முடிந்தது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கொடுப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாக அறிவிக்காமல், டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்ற சொல்லைப் போட்டு விற்கக் கூடாது. இந்தியாவிலும் அப்படி ஒரு சட்டம் கட்டாயம் வேண்டும்.

அது வரும்வரை, இருப்பதை வைத்து நீங்கள் கேட்கலாம். 2020ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும். வெளிநாட்டு நிறுவனமானாலும், இந்தியருக்குத் தொடர்ந்து விற்பனை செய்கிறது என்றால் அதையும் கட்டுப்படுத்தும். அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். வாங்கிய தேதி, கொடுத்த தொகை, வந்த மெயில் எல்லாவற்றையும் இணைத்து அவருக்கு எழுதுங்கள். வாங்கும்போது விற்பனைப் பக்கத்தில் ‘எப்போது வேண்டுமானாலும் நிறுத்துவோம்’ என்று சொல்லியிருந்தார்களா என்பதுதான் இதில் முக்கியமான கேள்வி. இரண்டு வருடம் விளையாடியிருக்கிறான் என்பதால் நுகர்வோர் ஆணையம் தொகையைக் குறைக்க வாய்ப்பு உண்டு.

வழக்குப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். தகுந்த காரணமின்றி ஒருதலையாக முடித்துக்கொள்ள இடம் தரும் ஒப்பந்தம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று பிரிவு 2(46) சொல்கிறது. ஆனால் அந்த வாதத்தைக் கேட்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான் உண்டு, மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. ஆகவே மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளிநாட்டில்தான் வழக்காட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் தயங்காதீர்கள். புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்று பிரிவு 34 சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகாரைப் பதிந்துவிடுங்கள். கடைகள் பலமுறை அதோடு இறங்கி வந்திருக்கின்றன.

அந்தப் பெட்டியையும் சீட்டையும் பில்லையும் ஒரே உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். மகனிடமும் சொல்லிவையுங்கள், ஆசைப்பட்டு அந்த எண்ணைச் சுரண்டிவிடப் போகிறான். இந்த வாரமே, பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 15 நாள் கெடு கொடுத்தால் போதும். வழக்குத் தொடுக்கக் காலவரம்பு இரண்டு ஆண்டு. கார் பந்தய கேமுக்கு, மெயில் வந்த நாளிலிருந்துதான் அந்தக் கணக்குத் தொடங்குகிறது என்று வாதிடலாம். ஆனாலும் அதை நம்பிக் காலம் தாழ்த்தாதீர்கள், இரண்டு மனுவையும் சேர்த்தே தயார் செய்யுங்கள்.